சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் என் தம்பிக்கு பிஆர் (நிரந்தரவாச உரிமை) கிடைக்குமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஒர்க் பெர்மிட்டை (அடிப்படை நிலைத் தொழிலாளர்களுக்கான வேலை அனுமதி) மட்டும் வைத்து பிஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பத்து வருடம், பதினைந்து வருடம் கப்பல் பட்டறையிலோ கட்டுமானத்திலோ உழைத்திருந்தாலும் இதே கதைதான். எனக்கு இது மனதை உறுத்தும் விதி. ஆனால் விதி அதுதான். 'ஐசிஏவில் (பிஆர் விண்ணப்பங்களை முடிவு செய்யும் குடிநுழைவு ஆணையம்) ஆள் இருக்கிறார், முடித்துத் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வேலை மூலம் வாங்குவதென்றால், எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான அனுமதி) அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்நிலை ஊழியர்களுக்கான அனுமதி) வழியாகத்தான். புதிய எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக்கூட இந்தத் தொகையும் கூடும். அதுவும் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எஸ் பாஸ் கைக்கு வந்துவிட்டால் பிஆருக்குத் தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, சான்றிதழ்கள், நிறுவனம் நிரப்பித்தரும் படிவம் எல்லாம் வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். கட்டணம் 100 வெள்ளி, மறுத்தாலும் திரும்ப வராது. முடிவு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். மறுப்புக்குக் காரணம் சொல்ல மாட்டார்கள்.

வயது, படிப்பு, சம்பளம், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், குடும்பம் அங்கே வேரூன்றியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 2024ஆம் ஆண்டில் சுமார் 35,000 பேருக்குத்தான் கிடைத்தது.

இன்னொன்று: மகனையும் சேர்த்து பிஆர் வாங்கினால், வயது வந்ததும் அவன் தேசிய சேவைக்கு (ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணி) போக வேண்டும். உங்கள் தம்பி தன் மனைவியிடம் இதை இப்போதே பேசிவிடட்டும்.