நோனலுக்கு மாறியும் கல் பறக்கிறதே, ஏன்?

கேள்வி: சின்னதாகக் கருங்கல் குவாரி நடத்துகிறேன். வெடிமருந்தைத் தூண்டி வெடிக்க வைக்கும் எலெக்ட்ரிக் டெட்டனேட்டருக்குத் தடை வந்தபின் நோனலுக்கு (மின்சாரத்துக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் வழியே தூண்டும் டெட்டனேட்டர்) மாறினோம். செலவு கூடியதுதான் மிச்சம். கல் இன்னும் பறக்கிறது, வீடு அதிர்கிறது என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எங்கே தவறு?

பதில்: 2025 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கத் தடை என்பதால் பழையதற்குத் திரும்ப வழியில்லை, திரும்பவும் வேண்டாம். கசிவு மின்சாரத்தில் தானாக வெடித்துவிடும் பயம் நோனலில் இல்லை. (இடி மின்னல் வந்தால் மட்டும் இப்போதும் ஆட்களை வெளியேற்றத்தான் வேண்டும்.) ஆனால், டெட்டனேட்டரை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் பழையபடியே செய்தால் கல் பறக்கத்தான் செய்யும்.

முதலில், வெடிமருந்து நிரப்பிய குழியின் வாயை எதைக் கொண்டு அடைக்கிறீர்கள் என்று பாருங்கள். துளை போட்ட தூளையே அள்ளித் திணிக்கும் பழக்கம் பல குவாரிகளில் இருக்கிறது. அழுத்தம் ஏறியதும் அந்தத் தூள் அப்படியே பீச்சியடித்து வெளியேறும்; கூடவே மேல்கல்லும் பறக்கும். 100 மி.மீ. அளவுள்ள பெரிய துளை என்றால் 10 மி.மீ. சிப்ஸ் ஜல்லி போடுங்கள், ஒன்றோடொன்று கவ்வி நிற்கும். டியூபை வெட்டிவிடாமல் மெதுவாகப் போட வேண்டும். ஜாக்ஹாமரால் (கையால் பிடித்துத் துளைக்கும் கருவி) போட்ட சின்னத் துளைக்கு மணலும் களிமண்ணும் கலந்தது போதும். அடைப்பின் நீளம், குழிக்கும் பாறை முகத்துக்கும் (பாறையின் திறந்த பக்கம்) உள்ள இடைவெளிக்குக் குறையக் கூடாது. முகத்தில் விரிசலோ களிமண் பட்டையோ இருந்தால், அந்தக் குழிக்கு மருந்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது டிலே, அதாவது ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே விடும் நேர இடைவெளி. வீட்டை அதிர வைப்பது மொத்த மருந்து அல்ல, ஒரே சமயத்தில் வெடிக்கும் மருந்து. 8 மில்லிசெகண்டுக்குள் வெடிப்பவை எல்லாம் ஒன்றாகத்தான் கணக்கு. குழிகளின் டியூபை இணைத்து இந்த இடைவெளியைக் கொடுக்க 17, 25, 42 மில்லிசெகண்டு கனெக்டர்கள் கிடைக்கின்றன. முன்வரிசை விலகி இடம் கொடுத்த பிறகே பின்வரிசை வெடிக்கும்படி சான்றிதழ் பெற்ற பிளாஸ்டரே (வெடி வைப்பவர்) இணைக்கட்டும்.

இன்னொன்று: நோனலில் மீட்டர் வைத்து இணைப்பைச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு முடிச்சையும் நடந்து போய்க் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வெடிக்காத குழியின் டியூபை யாரும் பிடித்து இழுக்கவே கூடாது.

ஊர்க்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். பக்கத்து வீட்டு வாசலில் அதிர்வுமானி வைத்து அளந்துவிடுங்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரக வரம்புப்படி, வெளியார் வீடுகளுக்கு, அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் தரை அதிரும் வேகம் நொடிக்கு 5 மி.மீ., 25 வரை 10, அதற்கு மேல் 15. ஒவ்வொரு வெடிக்கும் வந்த எண்ணை அந்த வீட்டுக்காரரிடமே காட்டுங்கள். தாண்டியிருந்தால் ஒத்துக்கொண்டு, அடுத்த வெடிக்கு ஒரு டிலேயில் வெடிக்கும் மருந்தைக் குறையுங்கள்.