சுவீடனில் படிக்கப்போகும் வெளிநாட்டு மாணவருக்கு வசந்தகாலம் எப்படி இருக்கும்? வெளியே போய் என்னதான் செய்யலாம்?

ஜனவரியில் ஒரு செமஸ்டருக்கு உப்சாலா போகிறீர்கள். மார்ச்சிலிருந்து மே வரை அன்றாடம் எப்படிப் போகும், வெளியே சுற்ற என்ன இருக்கிறது, ஊரிலிருந்து என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதே ஊரில்தான் முதுகலை படித்தேன். அதனால் உப்சாலாவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வசந்தத்தில் வெளிச்சம் முதலில் வரும், வெப்பம் ரொம்பப் பிந்தி வரும். நடுவில் இரண்டு மாதம் ஓடிவிடும். கொஞ்சம் சூடாகட்டும், அப்புறம் வெளியே போகலாம் என்று அறையில் உட்கார்ந்திருந்தால் ஜூன் முதல் வாரம் செமஸ்டரே முடிந்துபோகும். என்னோடு இருந்த வெளிநாட்டு மாணவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் ஊர் திரும்பினார்கள்.

சுவீடன் வானிலைத் துறை வசந்தத்துக்கு வைத்திருக்கும் கணக்கைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து 7 நாள் பூச்சியத்துக்கு மேலே, 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் வசந்தம் வந்தாயிற்று. பிப்ரவரி 15-க்கு முன்னால் அப்படி இருந்தால் மட்டும் செல்லாது. ஆக, 3 டிகிரியும் வசந்தம்தான். ஏப்ரலில் பனி பெய்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை, திட்டுவதோடு சரி.

ஆனால் பகல் நீளுகிற வேகம் இருக்கிறதே, அது வேறு விஷயம். டிசம்பர் கடைசியில் 6 மணி நேரம்கூடத் தேறாத பகல், மார்ச் 20 வாக்கில் 12 மணி நேரம் ஆகும், ஏப்ரல் முடிவில் 15 மணி நேரத்தைத் தாண்டும், ஜூன் தொடக்கத்தில் 18-ஐயும் தாண்டும். நாளுக்கு ஐந்தாறு நிமிடம் கூடுகிறது. போதாததற்கு மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். திடீரென்று மாலை வகுப்பு முடிந்த பிறகும் ஒரு முழு சாயங்காலம் கையில் மிஞ்சும். அந்த நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் வசந்தமே இருக்கிறது.

சுவீடன்காரர்கள் என்ன செய்வார்கள் என்றால், மார்ச்சில் முதல் வெயில் அடித்த அன்று தெற்கு பார்த்த சுவராகத் தேடிப்பிடித்து, கோட்டைக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு, மொட்டை மாடியில் வடகம் காயப்போட்ட மாதிரி வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் பார்த்தால் என்னவோ போல இருக்கும். நவம்பர், டிசம்பரைக் கழித்த யாரும் இரண்டாவது வாரமே அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.

படிப்பு விஷயம்: நம் ஊர் மாதிரி ஐந்தாறு பாடம் ஒரே நேரத்தில் ஓடாது. பெரும்பாலும் ஐந்து வாரமோ பத்து வாரமோ ஒரு பாடம், முடிந்ததும் தேர்வு, பிறகு அடுத்தது. வகுப்பில் உட்காரும் நேரம் குறைவு, நீங்களாகப் படிக்க வேண்டியது அதிகம். வார நாளில் மதியம் இரண்டு மணிக்கு ஓய்வாக இருப்பது சாதாரணம். இதை வீணடிக்காதீர்கள். படிப்பை இரவுக்குத் தள்ளிவிட்டு பகலில் வெளியே போங்கள். குளிர்காலத்தில் முடியாத இந்தக் காரியம் ஏப்ரலில் முடியும்.

மாணவர் குடியிருப்பான ஃப்ளோக்ஸ்டாவில் அறை கிடைத்தால் காரிடார் முழுவதற்கும் ஒரே சமையலறை. இரவு 10 மணிக்கு அந்த அடுக்குமாடிகளின் ஜன்னல்களிலிருந்து மாணவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். பல வருஷமாக நடக்கும் பழக்கம், பயப்பட வேண்டாம். பிப்ரவரியில் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து கத்திவிட்டுச் சாத்துகிறவர்கள், மே மாதம் பால்கனியில் நின்று நிதானமாகக் கத்துவார்கள்.

போக்குவரத்துக்கு சைக்கிள்தான். பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள், ஆனால் பூட்டு நல்லதாக இருக்கட்டும். ஏப்ரலில் ஒரு தொல்லை உண்டு. குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கப் பாதையில் கொட்டிய பொடிஜல்லி, பனி உருகியதும் தார்மேல் அப்படியே கிடக்கும். நகராட்சி வண்டி வந்து கூட்டி அள்ளும்வரை வளைவுகளில் வேகம் வேண்டாம். முழங்கையில் கட்டோடு வகுப்புக்கு வருபவர்களை அந்த மாதம் நிறையப் பார்ப்பீர்கள்.

இனி வெளியே. சுவீடனில் காபி, முடிதிருத்தம், பஸ் டிக்கெட் எல்லாமே மாணவனின் பையைக் கடிக்கும். காடு மட்டும் இலவசம். 'அல்லெமான்ஸ்ரெட்டன்' என்றொரு உரிமை, 1994 முதல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டில் நடக்கலாம், ஏரியில் நீந்தலாம், ஒன்றிரண்டு இரவு கூடாரம் போடலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம். நீங்கள் குடிமகனா, ஆறு மாத விசாவில் வந்தவரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பதிலுக்கு நீங்கள் வீட்டு முற்றத்துக்குள் நுழையக் கூடாது, விதைத்த வயலில் கால் வைக்கக் கூடாது, பறவை கூடு கட்டும் இடத்தைக் கலைக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது. இயற்கைக் காப்பகங்களில் அந்தந்த இடத்துக்கென்று தனி விதிகள் உண்டு. வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள், படித்துவிட்டுப் போங்கள்.

நெருப்புதான் இதில் சிக்கலான சங்கதி. வசந்தத்தில் ஈரமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். உண்மையில் ஏப்ரலும் மேயும்தான் ஆபத்து. பனிக்குக் கீழே அமுங்கிக் கிடந்த போன வருஷத்துப் புல் வெயிலில் காய்ந்து சருகாக நிற்கும், புதுப் பச்சை இன்னும் எழும்பியிருக்காது, ஒரு பொறி போதும். வறண்ட வாரங்களில் வெளியே தீ மூட்டத் தடை போடுவார்கள். தீ அபாயத்தைப் பார்க்க அரசின் செயலி இருக்கிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கரியடுப்பை நேராகப் புல்லில் வைத்தால் அடியில் கறுப்பாக ஒரு சதுரம் விழும். பூங்காக்களில் மே மாதம் அந்தச் சதுரங்களை எண்ணி மாளாது. பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

ஃப்ளோக்ஸ்டாவிலிருந்து நடந்தே ஹோகா பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். அங்கே ஒரு பெரிய மண்மேடு இருக்கிறது, வெண்கலக் காலத்துக் கல்லறை, ஏறத்தாழ 3000 வருஷப் பழமை. 1902–03-ல் தோண்டியபோது தங்க நகைகளும் வெண்கல வாளும் கிடைத்தன. ஏப்ரல் கடைசியில் பக்கத்துக் காட்டுத் தரை முழுக்க வெள்ளைப் பூக்கள் விரியும். மரங்கள் இலை விட்டு நிழல் கட்டுவதற்குள் பூத்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்கு. அதற்கும் முன்னால் நீலப்பூ வரும், அதைப் பறிக்காதீர்கள். ஊருக்குத் தெற்கே லுன்சன் காடு, அதன் வழியே உப்லாந்துலேடன் என்ற நடைபாதை போகிறது, மொத்தம் சுமார் 500 கிலோமீட்டர். உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் துண்டு போதும்.

கூடாரம், ஸ்கேட்ஸ், ஸ்கீ எதையும் விலைக்கு வாங்காதீர்கள். ஃப்ரிதிட்ஸ்பாங்கன் என்று விளையாட்டுப் பொருள்களுக்கு ஒரு நூலகம் இருக்கிறது. 2013-ல் வார்ம்லாந்து மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கியது, இப்போது நாடெங்கும் கிளைகள். 14 நாள் இலவசமாகத் தருகிறார்கள். மாணவன் கையில் காசில்லாத நாட்டில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஐஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. மார்ச்சில் ஏரி இன்னும் உறைந்திருக்கலாம், அப்படியானால் உள்ளூர்க்காரர்கள் மேலாரன் ஏரிமேல் மைல் கணக்கில் ஸ்கேட் செய்துகொண்டு போவார்கள். ஐஸ் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து மேலேற, கழுத்தில் இரண்டு கூரான பிடிகள் தொங்கும், கையில் குத்திப்பார்க்கும் கோல் இருக்கும், ஒருவராக ஒருபோதும் போக மாட்டார்கள். நீங்களும் அவர்களோடு மட்டுமே போங்கள். வசந்தத்து ஐஸ் கனமாக இருந்தாலும் நம்பக் கூடாது. வெயில் உள்ளே புகுந்து படிகங்களுக்கு நடுவே உருக்கிவிடுவதால், காலையில் தாங்கிய அதே ஐஸ் மதியம் உடையும்.

வசந்தத்தை வரவேற்கும் வால்போர்க் திருவிழா பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். ஏப்ரல் 30, உப்சாலாவின் மிகப் பெரிய நாள். காலையில் தெர்மாகோல் தெப்பங்களில் மாணவர்கள் ஃபீரிஸ் ஆற்றில் இறங்குவார்கள். 1975 முதல் நடக்கிறது. நகர நடுவில் ஆறு இரண்டு இடத்தில் சரிந்து விழுகிறது, பாதித் தெப்பங்கள் அங்கேயே பிய்ந்துபோகும், தண்ணீரோ விறைக்கவைக்கும் குளிர். மதியம் 3 மணிக்குப் பல்கலைக்கழக நூலகமான கரோலினா ரெடிவிவாவின் மாடத்திலிருந்து துணைவேந்தர் வெள்ளை மாணவர் தொப்பியை அசைப்பார், கீழே நிற்கும் கூட்டமும் தொப்பியை எடுத்து அசைக்கும். அவ்வளவுதான், வசந்தம் வந்துவிட்டது. பிறகு நேஷன்களுக்கு ஓட்டம். நேஷன் என்றால் மாகாணப் பெயரில் இயங்கும் மாணவர் சங்கம், மொத்தம் 13 உண்டு, சேர்ந்துவிட்டால் மலிவாக மதியச் சாப்பாடு கிடைக்கும். அன்றைக்கு அங்கே ஷாம்பெயினைக் குடிப்பதைவிட ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவதுதான் அதிகம்.

என் அபிப்பிராயம்: தெப்பத்தைப் பாருங்கள், தொப்பியைப் பாருங்கள், மதியத்துக்கு மேல் நேஷன் வரிசையில் நிற்காதீர்கள். குடிக்காதவர்களுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை, குடிப்பவர்களுக்கும் மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய உப்சாலாவுக்குப் போங்கள். பழங்கால அரசர்களின் மூன்று மேடுகள் இருக்கும் இடம். அங்கே பெரிய சொக்கப்பனை மூட்டுவார்கள், குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள், பாட்டுக்குழு பாடும். முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். தடிமனான ஜாக்கெட் அவசியம்.

மே மாதம்தான் எனக்குப் பிடித்தது. பத்து நாளுக்குள் ஊரே பச்சையாகிவிடும். நகரத்துக்குத் தெற்கே ஆற்றோரம் குங்ஸெங்கன் புல்வெளியில் ஒரு பூ வரும், தலை கவிழ்ந்த மணி போல, ஊதா நிறத்தில் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும். உப்சாலா இருக்கும் உப்லாந்து மாகாணத்தின் மலர் அது. காப்பகம் என்பதால் பாதையை விட்டு இறங்க வேண்டாம். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1741 முதல் இந்த ஊரில்தான் பேராசிரியர். மாணவர் கூட்டத்தை இதே வெளிகளுக்குக் கூட்டிவந்து செடிகளைக் காட்டுவாராம், திரும்பும்போது கொம்பும் முரசும் முழங்க ஊருக்குள் வருவார்களாம். அந்த நடைவழிகளில் எட்டை இன்றும் குறியிட்டு வைத்திருக்கிறார்கள்.

தூண்டில் பிடிக்கும் என்றால் மேலாரனில் கைத்தூண்டிலுக்கு உரிமச்சீட்டு தேவையில்லை. ஊருக்குத் தெற்கே உள்ள ஏகோல்ன் அதன் ஒரு கிளைதான். சிற்றேரிகளில் அப்படியில்லை, சீட்டு வாங்க வேண்டும். காட்டோரத்தில் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியின் இளங்கொழுந்தைக் கையுறை போட்டுப் பறிக்கலாம். சுவீடன்காரர்கள் அதைச் சூப் வைத்து அவித்த முட்டையை மிதக்கவிடுவார்கள். நான் பருப்போடு கடைந்தேன், கொதித்ததும் அரிப்பு போய்விடும். பசலையும் முருங்கையும் கிடைக்காத இடத்தில் அது பெரிய ஆறுதல்.

மலை ஆசை இருந்தால் நாட்டின் வடகோடியில் உள்ள அபிஸ்கோவுக்கு மார்ச்சிலேயே போய்விடுங்கள், உப்சாலாவிலிருந்தே இரவு ரயில் இருக்கிறது. அப்போது பனிச்சறுக்கும் உண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் வடதுருவ ஒளியும் உண்டு. மே மாதம் போகாதீர்கள். பனி உருகி ஓடைகள் பெருகிக் கிடக்கும், மலைக் குடில்களும் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

பிடிக்காததையும் சொல்கிறேன். வசந்தத்தில் விடுமுறை நாள்கள் வரிசையாக வரும், ஈஸ்டர், மே 1, பிறகு இயேசு விண்ணேறிய நாளான ஒரு வியாழன், அதை ஒட்டிய வெள்ளிக்கும் விடுப்பு. சுவீடன் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், காரிடார் வெறிச்சென்று இருக்கும், நூலகம் பூட்டியிருக்கும். அந்த நாள்களுக்கு மற்ற வெளிநாட்டு மாணவர்களோடு முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்துவையுங்கள். அடுத்தது பிர்ச் மர மகரந்தம். ஊரில் ஒருநாளும் தும்மாதவர்களுக்கும் மே மாதம் கண் சிவக்கலாம், மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும். அதைவிட முக்கியம் உண்ணி. உப்லாந்து பகுதியில் உண்ணி கடித்தால் மூளையைத் தாக்கும் டிபிஈ வைரஸ் தொற்றும் அபாயம் உண்டு. தடுப்பூசி இருக்கிறது, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். முதல் இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது ஒரு மாதம் விட வேண்டும் என்பதால் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். காட்டிலிருந்து வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் தடவிப் பாருங்கள். உண்ணியாலேயே வரும் லைம் நோய்க்குத் தடுப்பூசி இல்லை.

வாங்குவது பற்றி: குளிர் ஜாக்கெட்டை ஊரில் வாங்காதீர்கள், அங்குள்ள பழைய துணிக் கடைகளில் நல்லதே மலிவாகக் கிடைக்கும். மழைக்கால்சட்டையும் கம்பூட்ஸும் அங்கேயே வாங்குங்கள், ஏப்ரல் சேற்றுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ தாங்காது. ஊரிலிருந்து இரண்டு மட்டும் கொண்டுபோங்கள்: உங்களுக்குப் பழகிய மருந்துகள், அவற்றுக்கான மருத்துவர் சீட்டோடு. அப்புறம் கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. மே கடைசியில் விடிகாலை நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் ஜன்னலில் நிற்கும், மாணவர் விடுதித் திரைகள் அதற்கு ஒன்றும் செய்யாது.