மாதம் தவறாத வலி, வராத மாதவிலக்கு

கேள்வி: தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஊரிலிருந்து எழுதுகிறேன். 14 வயதாகும் என் மூத்த மகள் இன்னும் வயதுக்கு வரவில்லை. ஏழு மாதங்களாக அடிக்கடி அடிவயிற்று வலியால் துடிக்கிறாள். அவளுடைய அப்பத்தா உளுந்தங்களியும் கருப்பட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். சென்ற வாரம் சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டியதாயிற்று. ஸ்கேனில் இரத்தம் தேங்கியிருக்கிறது, கன்னித்திரையில் சிறிய ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். பின்னாளில் அவளுடைய திருமணத்திற்கு இது இடையூறாகாதா? பத்தாம் வகுப்பு முடியும்வரை தள்ளிப்போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, தள்ளிப்போட வேண்டாம்.

பால் கணக்கு எழுதிய காலண்டர் தாள்களில் வலி வந்த நாள்களைச் சுழித்து அனுப்பியிருக்கிறீர்கள். ஏறக்குறைய நான்கு வாரத்திற்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாள்கள். ஸ்கேன் சொன்னதையே இந்தச் சுழிகளும் சொல்கின்றன. உங்கள் மகள் வயதுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். வெளியேற வழியில்லாமல் இரத்தம் உள்ளேயே தங்கிவிட்டதால் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. தேங்கிய இரத்தம் பிறப்புறுப்புப் பாதையை விரித்து, முன்னாலுள்ள சிறுநீர்ப்பையை நெருக்கும்போது சிறுநீர் அடைக்கிறது. பின்னாலுள்ள மலக்குடலை நெருக்கினால் மலச்சிக்கலும் இடுப்புவலியும் வரும். இதைச் சிறுநீர்த் தொற்று என்றோ குடல்வால் வீக்கம் என்றோ எண்ணி மாத்திரை கொடுத்து அனுப்புவது எங்கள் தொழிலில் நடக்கிற தவறுதான். வலிக்கிற பெண்ணிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்காததே பெரும்பாலும் அதற்குக் காரணம். களியை நான் குறை சொல்லமாட்டேன், நல்ல உணவு. அடைபட்ட வழியை மட்டும் அது திறக்காது.

பரிசோதனைக்கு உங்கள் மகள் அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்க, மருத்துவர் வெளிப்புறத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். துளையில்லாத கன்னித்திரை என்றால், பின்னால் தேங்கிய இரத்தத்தால் அது நீலம் பாரித்துப் புடைத்திருக்கும். ஆனால் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: அடைப்பு வாயிலிலேயே இருக்கும் மெல்லிய திரையா, அல்லது உள்ளே சற்று மேலே இருக்கும் குறுக்குச் சுவரா? சுவர் என்றால் அவசரப்பட்டுக் கீறக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்து அதன் தடிப்பையும் இடத்தையும் அறிந்து, இதில் பழக்கமுள்ள அறுவை மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும், ஏனெனில் தழும்பு இறுகிப் பாதை மீண்டும் சுருங்கக்கூடும். அதுவரை மாதவிலக்கை நிறுத்திவைக்க ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. கருப்பையும் சிறுநீரகங்களும் கருவில் ஒன்றையொன்று சார்ந்தே உருவாவதால், அந்த ஸ்கேனிலேயே இரண்டு சிறுநீரகங்களும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசி குத்தி இரத்தத்தை உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். குத்திய துளை அடைந்துகொள்ளும், உள்ளே எஞ்சிய இரத்தத்தில் கிருமி புகுந்து சீழ்பிடிக்கும்.

மெல்லிய திரைதான் என்றால் ஆபரேஷன் எளியது. மயக்க மருந்து கொடுத்து, திரையைத் திறந்து, மிகுதியை நீக்கி, ஓரங்களைக் கரையும் நூலால் தைத்துவிடுவார்கள். கரும்பழுப்பு நிறத்தில் குழம்பாகத் தேங்கியிருந்த இரத்தம் வெளியேறும். மேலும் சில நாள்கள் கசியும், அதற்கு நாப்கின் போதும், உள்ளே எதையும் வைக்கவோ கழுவவோ கூடாது. காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

திருமணத்தைப் பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது தலைகீழான அச்சம். மற்றப் பெண்களுக்குப் பிறக்கும்போதே இருக்கும் வழியைத்தான் மருத்துவர் இவளுக்கு அமைத்துத் தருகிறார். கன்னித்திரையின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். அதை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளக்க மருத்துவத்தில் இடமே இல்லை. இது யாரிடமும் சொல்லி விளக்கம் தர வேண்டிய செய்தியும் அல்ல. உண்மையில் அஞ்ச வேண்டியது தாமதத்துக்குத்தான்: இரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் சென்று, கருப்பையின் உள்ளுறை போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற தொல்லைக்கு வழிவைக்கலாம். காலத்தோடு சரிசெய்த பெண்கள் பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்குப் பொதுவாக இடையூறு இருப்பதில்லை.

கடிதத்தின் ஓரத்தில், இளையவளுக்கு 11 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குறை சில வேளைகளில் ஒரே குடும்பத்தில் இருவருக்கு வருவதுண்டு. அக்காளின் சிகிச்சைக்குப் போகும்போது அவளையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.