பார்த்தது யார்? – அறிவியல் கேள்வி பதில்

கேள்வி: யாரும் பார்க்காதபோது எலெக்ட்ரான் அலையாகப் பரவியிருக்கிறது, பார்த்த கணத்தில் ஓரிடத்தில் துகளாகி நின்றுவிடுகிறது என்று சொற்பொழிவு ஒன்றில் கேட்டேன். ஆகவே மனித மனமே பொருளை உண்டாக்குகிறது என்று பேச்சாளர் முடித்தார். இதற்கு ஆதாரம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: முற்பாதி ஏறக்குறையச் சரி. பிற்பாதிக்கு ஆதாரம் இல்லை. குழப்பம் 'பார்த்தல்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. அணு அளவிலான உலகை விளக்கும் குவாண்டம் இயற்பியலில் அது கண்ணையோ மனத்தையோ குறிப்பதன்று. துகள் எவ்வழியே சென்றது என்ற தடயம் அதற்கு வெளியே உள்ள ஏதேனும் ஒரு பொருளில் பதிந்துவிடுவதையே குறிக்கிறது.

ஜப்பானில் அகிரா டோனோமுராவும் அவர் குழுவினரும் 1989 இல் வெளியிட்ட சோதனையில், இரு வழிகள் திறந்திருக்கும் கருவியின் ஊடே எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுந்தது. முதல் இருநூறு புள்ளிகள் முற்றத்தில் சிந்திய அரிசிபோல ஒழுங்கின்றிக் கிடந்தன. பல்லாயிரம் சேர்ந்த பிறகு ஒளியும் இருளும் மாறி மாறி வரும் வரிகள் புலப்பட்டன. இரு வழிகளிலும் சென்ற அலை சில இடங்களில் கூடியும் சில இடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொண்டும் உண்டாக்கும் வரிகள் அவை. அலை எவ்வாறு பரவும் என்பதை இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கரின் 1926 ஆம் ஆண்டுச் சமன்பாடு சொல்கிறது. ஓரிடத்தில் அந்த அலையின் அளவை வர்க்கப்படுத்தினால் துகள் அவ்விடத்தில் விழும் நிகழ்தகவு கிடைக்கும் என்பதை அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் சொன்னார். கட்டுரையில் முதலில் வர்க்கம் இல்லாமல் எழுதிவிட்டு, பிறகு ஓர் அடிக்குறிப்பில் திருத்தினார். இதைவிடக் கனமான அடிக்குறிப்பை நான் அறியேன். 1954 இல் அதற்காகவே நோபல் பரிசு வந்தது. (இடையில் நாஜி ஆட்சியால் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்த போர்ன், ராமனின் அழைப்பை ஏற்று 1935–36 இல் சில மாதங்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார்.)

இனி 'பார்ப்பவர்' யார் என்பதற்கு வருவோம். வியன்னாவில் 2003 இல், 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வைத்து இதே போன்ற வரிகளை உண்டாக்கி, பிறகு வெற்றிடக் கலத்துக்குள் சிறிது சிறிதாக வாயுவைச் செலுத்தினார்கள். வாயு கூடக் கூட வரிகள் மங்கின. மூலக்கூறின் மீது மோதிய வாயு, அது எங்கே இருந்தது என்ற செய்தியைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிட்டது. அச்செய்தியை எவரும் படிக்கவில்லை, படிக்கவும் இயலாது. அங்கே பார்த்தது வாயு.

மனத்துக்கு இதில் பங்கு உண்டென்று 1961 இல் இயற்பியலாளர் யூஜின் விக்னர் எழுதியது உண்மைதான். அவரே பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார் என்பதைச் சொற்பொழிவாளர்கள் சொல்வதில்லை.

கேள்வி: பெட்டிக்குள் இருக்கும் பூனை உயிரோடும் இறந்தும் இருக்கும் என்று ஷ்ரோடிங்கர் நம்பினாரா?
– பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி

பதில்: இல்லை. ஓர் அணு சிதைந்தால் நஞ்சு வெளிப்படும் பெட்டிக்குள் அந்தப் பூனையை 1935 இல் கற்பனை செய்தபோதே அதைக் கேலிக்குரிய நிலை என்றுதான் அவர் குறிப்பிட்டார். அணுவுக்குப் பொருந்தும் விதியைத் தங்குதடையின்றிப் பெரிய பொருள்வரை நீட்டினால் எங்கே போய் நிற்கிறோம் பாருங்கள் என்பதே அவர் வாதம். உண்மையான பூனையின் மீது காற்றும் வெப்பக் கதிர்வீச்சும் இடைவிடாமல் மோதுவதால், வியன்னாவின் வரிகள் மங்கியதுபோல, இரு நிலைகளின் கலப்பு கணத்தின் மிகச்சிறு பின்னத்தில் குலைந்துவிடும். எனினும், இரண்டில் ஒன்று மட்டும் ஏன் நடந்தது என்ற வினாவுக்கு இந்த விளக்கம் விடையளிப்பதில்லை.

கேள்வி: விடை முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்து, நமக்கு மட்டும் தெரியாமல் இருக்கலாம் அல்லவா? ஐன்ஸ்டைனும் அப்படித்தானே நினைத்தார்?
– பொறியியல் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து இரண்டு ஊர்களுக்கு அனுப்பினால், ஒரு பொட்டலத்தைத் திறந்த கணமே மற்றதில் இருப்பது இடதா வலதா என்று தெரிந்துவிடும், அதில் மாயம் ஏதுமில்லை. ஒன்றாகத் தோன்றி, பிரிந்து சென்ற பிறகும் விடைகள் ஒத்துப்போகும் 'பிணைந்த' ஃபோட்டான் (ஒளித்துகள்) இணைகளும் இத்தகையவையே என்று கருத 1964 வரை இடம் இருந்தது. அந்த இடத்தை மூடியவர் இயற்பியலாளர் ஜான் பெல். அவருடைய வாதத்தின் எளிய வடிவம் ஒன்றைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே பின்தொடரலாம்.

இணையின் ஒவ்வொரு ஃபோட்டானும் தன் பக்கத்தில், ஒளியை அதன் அதிர்வுத் திசையைப் பொறுத்துக் கடக்கவிடும் ஒரு போலராய்டு தகட்டைச் சந்திக்கிறது. தகட்டை 0, 60, 120 பாகை என மூன்று கோணங்களில் வைக்கலாம். ஃபோட்டான் கடக்கும், அல்லது தடைபடும். இரு தகடுகளும் ஒரே கோணத்தில் இருந்தால் இரு விடைகளும் எப்போதும் ஒத்துப்போகின்றன. விடைகள் முன்பே எழுதப்பட்டவை என்றால், இரண்டு ஃபோட்டான்களும் மூன்று கோணங்களுக்கும் ஒரே விடைப்பட்டியலைச் சுமந்து புறப்பட்டிருக்க வேண்டும். விடைகள் மூன்று, ஆனால் அவற்றின் வகைகள் இரண்டே; எனவே அவற்றுள் குறைந்தது இரண்டேனும் ஒன்றாக இருந்தே தீரும். வெவ்வேறு கோணங்களை எழுந்தமானமாகத் தேர்ந்தால், மூன்றில் ஒரு முறையாவது விடைகள் பொருந்த வேண்டும். குவாண்டம் கணக்கோ நான்கில் ஒரு முறைதான் பொருந்தும் என்கிறது.

ஆய்வகங்கள் இதே தர்க்கத்தின் விரிந்த வடிவங்களைச் சோதித்தன. 1972 இல் பெர்க்லியில் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982 இல் பாரிஸுக்கு அருகே அலென் ஆஸ்பெவும், 2015 இல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழுவினரும் கண்டவை குவாண்டம் கணக்கோடு ஒத்தன. கிளாசர், ஆஸ்பெ, இதே துறையில் சோதனைகள் செய்த ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பக்கத்துத் தகட்டின் கோணம் மறுபக்கத்து விடையைத் தொடாது என்று கொள்ளும் எந்தப் பட்டியலும் இனி நிற்காது. ஆனால் இப்பிணைப்பைக் கொண்டு ஒளியை விஞ்சிச் செய்தி அனுப்ப முடியாது. ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்தால் விடைகள் நாணயம் சுண்டியதுபோலவே வரும்.

கேள்வி: நூறு ஆண்டுகள் ஆகியும் குவாண்டம் இயற்பியலின் விளக்கங்கள் ஏன் ஒன்றாகவில்லை? தாங்கள் எதை ஏற்கிறீர்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அவற்றுள் பல ஒரே எண்களைத் தருவதால்தான். நீல்ஸ் போரையும் வெர்னர் ஹைசன்பர்கையும் பின்பற்றும் கோபன்ஹேகன் வழியினர் அலையைக் கணிப்புக்கான கருவியாகக் கொள்கிறார்கள் (அவ்விருவரும்கூட இதை ஒரே மாதிரி சொன்னதில்லை). டேவிட் போம் 1952 இல் முன்வைத்த வடிவில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு; ஆனால் தொலைவில் நடப்பது அதை உடனே பாதிக்கும் என்று ஒப்புக்கொள்ள நேர்கிறது. பெல் இதைப் பெரிதும் மதித்தார். 1957 இல் ஹியூ எவரெட், எல்லா விடைகளும் தனித்தனிக் கிளைகளில் நிகழ்கின்றன என்றார். சமன்பாட்டில் எதையும் கூட்டாத இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும். எல்லாமே நிகழும்போது 'நிகழ்தகவு' என்பதற்கு என்ன பொருள் என்ற இடத்தில் எனக்குத் தயக்கம் வந்துவிடுகிறது.

சமன்பாட்டையே மாற்றத் துணிந்தவர்கள் கிரார்டி, ரிமினி, வெபர் ஆகிய மூவர். 1986 இல் அவர்கள் முன்வைத்த கோட்பாட்டின்படி அலை தானாகவே ஓரிடத்துக்குள் சுருங்கும். தனித் துகளுக்கு அது பல கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரும், எண்ணற்ற துகள்கள் சேர்ந்த பூனைக்கோ நொடிப்பொழுதில் நேர்ந்துவிடும். இதைச் சோதிக்க முடியும் என்பதே இதன் சிறப்பு: மூலக்கூறுகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், வாயு ஏதும் தொடாமலேயே ஏதோ ஒரு கட்டத்தில் வரிகள் மறைய வேண்டும். வியன்னாவில் 2019 இல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள்வரை சென்று பார்த்துவிட்டார்கள். வரிகள் மறையவில்லை.