மூன்று வாரம் என்றார்கள்

அன்புள்ள ஐயா,

மண்ணியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சென்ற மாதம் பக்கத்து ஊர் விவசாயிகளிடம் மண்ணின் உப்புத்தன்மை பற்றிப் பேசப் போனேன். எளிய தமிழில், படங்களோடு தயார் செய்திருந்தேன். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். விஞ்ஞானிகள் மக்களிடம் எப்படித்தான் பேசுவது?

ஓர் ஆய்வு மாணவர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

எளிய தமிழ் தேவைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த விவசாயிகள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. படித்ததும் எனக்கு இங்கிலாந்தின் கும்ப்ரியா மலைகளில் ஆடு வளர்ப்பவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. அடுத்த வாரம் கும்ப்ரியாவில் கொட்டிய மழை, காற்றில் வந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளைப் புல்லில் இறக்கிவிட்டது. ஜூனில் ஆடுகளை விற்கவும் அறுக்கவும் அரசு தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012-ல்!

கணக்கு எங்கே பிசகியது? களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு விடாது. விஞ்ஞானிகள் அதை வைத்துக் கணித்தார்கள். மலைமேல் இருந்ததோ மக்கிய தழை சேர்ந்த புளிப்பு மண். அதில் சீசியம் திரும்பத் திரும்ப வேர்வழியே புல்லுக்கு ஏறியது.

அதைவிட எனக்கு மனசு தாங்காதது இன்னொன்று. பெண்டோனைட் என்ற களிமண்ணைத் தூவினால் ஆட்டின் உடம்பில் சீசியம் குறையுமா என்று பார்க்க, ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதித்தார்கள். திறந்த மலையில் மேய்ந்த ஆடு அடைத்தால் மெலிந்துபோகும், சோதனை சரிவராது என்று ஆட்டுக்காரர்கள் முதலிலேயே சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அதே காரணத்தால் சோதனையைக் கைவிட வேண்டி வந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிரையன் வின் அந்த மக்களிடம் பேசி இதையெல்லாம் எழுதிவைத்தார்.

பக்கத்திலேயே செல்லாஃபீல்ட் அணு நிலையம். 1957-ல் அங்கே தீப்பிடித்து கதிரியக்கம் வெளியேறியிருந்தது. இந்த சீசியமும் அங்கிருந்து வந்ததோ என்று ஆட்டுக்காரர்கள் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? விஞ்ஞானிகள் 'மூன்று வாரம்' என்று உறுதியாகச் சொல்லாமல், 'இந்த மண்ணில் எப்படி என்று எங்களுக்கு இன்னும் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம்.

உங்கள் ஊர்க்காரர்கள் 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த வயல்களைக் கண்ணால் பார்த்தவர்கள். அடுத்த முறை படங்கள் வேண்டாம். எந்த வயலில் முதலில் உப்புப் பூத்தது, எத்தனை மழைக்குப் பிறகு நெல் திரும்பப் பிடித்தது, என்ன போட்டார்கள், எது பலிக்கவில்லை என்று வரப்பில் நின்று கேளுங்கள். நீங்கள் அளந்த எண்களை அப்புறம் சொல்லலாம். எழுந்து போனவர்களில் ஒருவரையாவது தேடிப் போய்ப் பாருங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.