மூளையின் மடல்கள் எவை? அவை பழுதானால் என்ன நேரும்?

பெருமூளையின் மடல்கள் எவை, ஒவ்வொன்றின் பணி என்ன, பாதிக்கப்பட்டால் என்ன நோய் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பாடநூல்களில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு. மார்த்தாண்டம் வட்டாரத்தில் பக்கவாத நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவன் நான். அந்த அட்டவணை தேர்வுக்குப் போதும். வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டால் போதாது.

முதலில் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நெற்றிக்குப் பின்னால் இருப்பது முன்மடல். அதற்குப் பின்னே, உச்சந்தலையை ஒட்டி உச்சி மடல். காதை ஒட்டிய பொட்டுப் பகுதியில் பொட்டு மடல். தலையின் பின்புறம் பிடரி மடல். ஸ்கேன் அறிக்கையில் இவை முறையே ஃபிரான்டல், பரைட்டல், டெம்போரல், ஆக்சிபிட்டல் என்று வரும். இடத்திலும் வலத்திலும் ஒவ்வொன்றாக நான்கும் இரண்டிரண்டு. இப்பெயர்கள் மேலே மூடியிருக்கும் மண்டையோட்டு எலும்புகளை வைத்து இடப்பட்டவையே தவிர, வேலையைப் பிரித்துப் பார்த்து இடப்பட்டவை அல்ல. ஆகவே ஒரு மடலின் வேலை அடுத்த மடலுக்குள்ளும் நீண்டு கிடப்பதில் வியப்பில்லை.

நான்கில் நம் மக்கள் அதிகம் அறியாதது உச்சி மடல். அதை எனக்குப் புரியவைத்தவர் என் பாட்டா. திருவட்டாறு பக்கத்தில் ரப்பர் பால் வெட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவர். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு மூளையின் வலப்பக்கம் இரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் தளர்ந்தன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு வந்த ஓணத்தன்று எல்லாருக்கும் இலை போட்டோம். பாட்டா வலது கையால் நன்றாகத்தான் உண்டார். ஆனால் சோற்றின் வலப்பாதி தீர்ந்ததும் கையை நிறுத்திக்கொண்டு, "உப்பேரி வைக்கல்லியா மக்களே?" என்று கேட்டார். உப்பேரியும் இஞ்சிக்கறியும் இலையின் இடது ஓரத்தில் வைத்தபடியே இருந்தன. கண் மங்கிவிட்டது என்றாள் பாட்டி. பிடிவாதம் என்றார் சித்தப்பா. இதைப் பாடமாகவே படித்திருந்த எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. இலையை எடுக்க வந்த அத்தை அதைச் சற்றுத் திருப்பியபோது, மிச்சச் சோறு வலப்பக்கம் வந்தது. பாட்டா ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் உண்ணத் தொடங்கினார்.

அவருடைய கண்ணில் குறை இல்லை. நம் உடல் எங்கே முடிகிறது, அதைச் சுற்றியுள்ள வெளி எப்படி விரிகிறது, அதில் எந்தப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிடுவதில் உச்சி மடலுக்குப் பெரும்பங்கு உண்டு. வலது உச்சி மடல் சேதமடைந்தால் இடப்பக்க உலகம் கவனத்திலிருந்தே நழுவிவிடும். முகத்தின் வலப்பாதியை மட்டும் சவரம் செய்வார்கள். சட்டையின் இடக் கை தொங்கிக்கொண்டிருக்கும். தளர்ந்த கையைக் காட்டிக் கேட்டால், "அது நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவர்களும் உண்டு. தொல்லை என்று நோயாளி வாய்திறக்க மாட்டார். இல்லாத ஒன்றை இல்லை என்று உணரவே முடியாதபோது எப்படிச் சொல்வார்? கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். இடது உச்சி மடலில் சேதம் வந்தாலோ கூட்டல் கழித்தல் தடுமாறும், எழுத வராது, இடம் வலம் குழம்பும்.

முன்மடலைப் பற்றிப் பேசும் எல்லாரும் ஃபினியஸ் கேஜ் கதையைச் சொல்வார்கள். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறைக் குழியில் வெடிமருந்தை இடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமும் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி, அவருடைய இடது கன்னத்தின் வழியே புகுந்து தலையின் மேற்புறமாக வெளியேறியது. உயிர் பிழைத்தார், பொறுப்பான மேற்பார்வையாளராக இருந்தவர், வாய்க்கு வந்ததைப் பேசுபவராக, எடுத்த காரியத்தில் நிலைக்காதவராக மாறிவிட்டார் என்று மருத்துவர் எழுதிவைத்தார். ஆனால் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்றுண்டு: பிற்காலத்தில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். கெட்டுப்போன குணம் கெட்டதுதான் என்று முடிவுகட்டுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும். திட்டமிடல், தன்னடக்கம், உடலை இயக்கும் ஆணை ஆகியவை இம்மடலின் பொறுப்பு. இடது முன்மடலின் கீழ்ப்பகுதி பேச்சை உருவாக்குகிறது. "டான்" என்ற ஒரே ஒலியைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாத நோயாளியின் மூளையை ஆராய்ந்து 1861இல் இதைக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா.

பேச்சைப் புரிந்துகொள்வதோ இடது பொட்டு மடலின் பின்பகுதியைச் சார்ந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த இந்நிலையில் பேச்சு தங்குதடையின்றி வரும், பொருள் மட்டும் இராது. இப்படி ஒருவர் பேசுவதைக் கேட்ட வீட்டார், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து மருத்துவமனைக்கு ஓடாமல் பூசைக்கு ஏற்பாடு செய்வதும் உண்டு. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் இப்படியே கழிந்துவிடும்.

பொட்டு மடலில் தோன்றும் வலிப்பும் இதே பழிக்கு ஆளாகும். கைகால் வெட்டி இழுப்பதில்லை. வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி வருவதாகவோ, இல்லாத நாற்றம் வீசுவதாகவோ தோன்றும். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் வெறித்துப் பார்த்து, வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பேய் என்பார்கள். மாத்திரைக்கு அடங்காத இவ்வலிப்புக்கு அறுவை மருத்துவம் உண்டு; அதற்காக நம் மாவட்டத்தார் பலரும் போவது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இருபுறப் பொட்டு மடல்களின் உட்பகுதியையும் எடுத்துவிட்டதால், 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. அதன்பின் ஒருபுறம் மட்டுமே எடுக்கிறார்கள், அதுவும் நினைவாற்றலைச் சோதித்த பிறகுதான்.

பிடரி மடல் பார்வைக்குரியது. வலது பிடரி மடல் பழுதானால் இரு கண்களிலும் இடப்பாதிக் காட்சி மறையும். கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. ஆனால் இப்படிப் பாதிக் காட்சி மறைந்தவருக்குத் தலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். பாட்டாவுக்கு அதுதான் தோன்றவில்லை.

பாட்டா காலையில் நாளிதழை உரக்க வாசிப்பார். "கன்னியாகுமரி" என்பதைக் "குமரி" என்று வாசித்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை, நாமும் குமரி மாவட்டம் என்றுதானே சொல்கிறோம். "நாகர்கோவில்" வெறும் "கோவில்" ஆனபோதுதான் விளங்கியது. அதன்பிறகு ஒவ்வொரு பத்தியின் இடது ஓரத்திலும் சிவப்பு மையால் தடித்த கோடு இழுத்துக் கொடுத்தேன். கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் வரியைத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று வாரம் முணுமுணுத்தார். ஒருநாள் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டு "நாகர்கோவில்" என்று முழுதாக வாசித்துவிட்டு, "இந்த நாகரு இம்பிட்டு நாளு எங்க லே போயிருந்தாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.