வெயில் அடிக்கும்போது சோலார் ஏன் நிற்கிறது? எரிசக்தி கேள்வி-பதில்

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். கரண்ட் கட் ஆனால், உச்சி வெயிலிலும் அது நின்றுவிடுகிறது. பழுதா?

பழுது இல்லை. உங்களுடையது பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் வகை. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் அதன் இன்வெர்ட்டர், மின்வாரிய லைனில் கரண்ட் இருந்தால்தான் ஓடும். லைன் போனதும் தானும் அணைந்துவிட வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் உங்கள் மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் தெரு லைனுக்குப் போய்விடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் போகும். இதை மாற்றித் தருகிறேன் என்று யார் வந்தாலும் தயவுசெய்து விடாதீர்கள்.

பகலில் அடிக்கடி கட் ஆகும் ஊர் என்றால், லைன் போனாலும் தெருவுக்கு விடாமல் வீட்டுக்கு மட்டும் கரண்ட் தரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு நிறையவே கூடும். ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடினால் போதும் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரே போதும் என்பது என் கருத்து.

அப்புறம், மழை மேகம் இல்லாத நாளில் 3 கிலோவாட் சுமார் 12 யூனிட் தர வேண்டும். அதைவிட மிகவும் குறைந்தால் தண்ணீர் டேங்கின் நிழல் விழுகிறதா, பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் உற்பத்தி குறையும். வெயில் ஏறும் முன் கழுவுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது.

விறகு இவ்வளவு புகைகிறதே, அதை எப்படிப் புதுப்பிக்கத்தக்கது என்கிறார்கள்?

புகையை வைத்து அப்படிப் பிரிப்பதில்லை. நாம் எடுக்கும் வேகத்துக்கு அது திரும்ப உண்டாகிறதா என்பதுதான் கணக்கு. ராமநாதபுரத்தில் கரிமூட்டத்துக்கு வெட்டும் சீமைக்கருவேலம் சில வருடங்களில் மறுபடி தழைத்துவிடும். நெய்வேலியில் தோண்டும் பழுப்பு நிலக்கரி உருவாகப் பல லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. ஆனாலும் ஜன்னல் இல்லாத அடுப்படியில் விறகு எரிப்பது நுரையீரலுக்குக் கேடுதான். அந்தப் புகையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கூடங்குளம் எதில் சேரும்?

புதுப்பிக்க முடியாததில். யுரேனியமும் பூமியிலிருந்து தோண்டி எடுப்பதுதான். உலை ஓடும்போது கார்பன் புகை வராது என்பது வேறு விஷயம்.

கார்த்திகையில் ஆரல்வாய்மொழி வழியாகப் போனோம். பல காற்றாலைகள் சும்மா நின்றன. ஏன்?

காற்று சீசன் முடிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே நெருக்கிக்கொண்டு வருவதால் வைகாசி முதல் புரட்டாசி வரை அங்கே நல்ல உற்பத்தி. பிறகு வேகம் குறைந்துவிடும். அடிக்கிற நேரத்திலும் நமக்குத் தேவையான மணிக்கே அடிப்பதில்லை. ஆனைமலையில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம் இருப்பது இந்தச் சிக்கலுக்கு உதவத்தான். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, மாலையில் தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றாலையும் சோலாரும் பெருகப் பெருக, இப்படிச் சேமிக்கும் வசதிதான் நமக்கு அவசரமாக வேண்டும்.

இரண்டு மாடு இருக்கிறது. சாண எரிவாயு போட்டால் கேஸ் சிலிண்டரை விட்டுவிடலாமா?

1 கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். மாடுகளைத் தொழுவத்திலேயே கட்டி வளர்த்தால் கிட்டத்தட்ட கிடைத்துவிடும். மேயப் போனால் பாதிதான் வீடு வரும். சாணத்துக்குச் சமமாகத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். மூன்று நான்கு பேர் சமையலுக்கு ஆகும். ஆனால் மார்கழி, தைக் குளிரில் வாயு குறையும், அதனால் ஒரு சிலிண்டரை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போட்டதும் முதலில் வரும் வாயு சரியாக எரியாது. நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் திறந்து வெளியேற்றிவிடுங்கள். சிலிண்டர் அடுப்பை இதற்கு மாட்ட வேண்டாம். துளை பெரிதாக உள்ள தனி பர்னர் கேட்டு வாங்குங்கள்.